இந்தா வாரா, டீச்சர்

2018 மே முப்பத்தொன்றாம் தேதி வியாழக்கிழமை மாலை மூன்றே முக்கால் மணிக்கு, எட்டுத் துண்டுகளாக வெட்டப்பட்ட ஒரு கேக்கிலிருந்து ஜெசிந்தா என்ற பெயர் எட்டு முறை கேட்டது.

கத்தியைப் பிடித்திருந்தவர் வின்சென்ட். தூத்துக்குடித் துறைமுகத்தில் முப்பத்து நான்கு வருடம் கிரேன் ஓட்டிவிட்டு அன்று ஓய்வுபெற்று, கழுத்து மாலை வாடுவதற்குள் உப்பளக் காலனியின் முதல் வரிசையில் இருந்த தன் வீட்டுக்குக் கொண்டுவந்து விடப்பட்டிருந்தார். முதல் துண்டு பிரிந்ததும், இட்லிச் சட்டியைத் திறந்தால் ஆவி வருவது போல அவசரமில்லாமல், கேக்கின் உள்ளிருந்து ஒரு பெண்குரல் வெளியே வந்து, நடுவில் கொஞ்சம் இழுத்துக் கடைசியில் மூச்சு போதாமல் நிறுத்தி, ‘ஜெசிந்தா’ என்றது. பின்வாசலில் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து அவர் இரண்டாவது துண்டை வெட்டினார். அதுவும் கூப்பிட்டது. மூன்றாவதும் கூப்பிட்டது. தூக்கியதைப் பாதியில் விட்டுப் பழக்கமில்லாத மனிதர் என்பதால் எட்டாவது துண்டு வரை அவர் கை நிற்கவில்லை. கூடத்தில் இருந்த இருபத்து மூன்று பேரும் காகிதத் தட்டுகளைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

“இது பிலோமி டீச்சர் கொரல்லா,” என்றாள் வின்சென்ட்டின் மனைவி இருதயமேரி.

ஆமாம், அவர் குரல்தான் என்று எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். பிலோமி டீச்சர் இறந்து ஐந்தரை மாதம் ஆகியிருந்தது. சளி பிடித்த மாதிரி இருக்கிறது என்றார் ஒருவர். அவியளுக்கு எப்பவுமே மூச்சு அப்படித்தான் என்றார் இன்னொருவர். அப்போ காப்பியையும் எடுத்துட்டு வந்துரலாமே என்று உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்டது. அப்போதுதான் இருதயமேரி கேக்கைப் பார்த்துக் குனிந்து, அந்தப் பதிலை வெகுநாளாக வாய்க்குள்ளேயே வைத்திருந்தவள் போல, “இந்தா வாரா, டீச்சர்” என்றாள்.

கேக்கைச் செய்தவள் பக்கத்து வீட்டு ஜெசிந்தா. அவள் சுவரோரம் நின்றிருந்தாள். அவள் தட்டில் கேக் வைக்கப்பட்டது. அவள் சாப்பிடவில்லை.

பிலோமி, ஜெசிந்தாவின் கணவர் மரியதாசனுக்கு அக்கா. பெண்கள் பள்ளியில் தையல் டீச்சராக இருந்து ஓய்வுபெற்றவர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பாவும் அம்மாவும் ஒரே வருடத்தில் போனபோது மரியதாசனுக்கு வயது ஏழு. பத்தொன்பது வயதில் தம்பியைத் தூக்கிக்கொண்டவர், அவருக்கு உப்புக் கம்பெனி எடைமேடையில் வேலை கிடைத்து, பெண் பார்த்துக் கட்டிவைத்த பிறகுதான் இறக்கிவிட்டார் என்று காலனியில் சொல்வார்கள். அவருக்கு இருந்த ஒரே பொழுதுபோக்கு குரோஷா பின்னுவது. பின்னியதெல்லாம் தொலைக்காட்சிப் பெட்டிக்கு மேல் விரிக்கிற உறைகள். காலனியில் அவர் பின்னிய உறை இல்லாத டிவி கிடையாது. பிறகு பெட்டிகள் மெலிந்து சுவரில் தொங்க ஆரம்பித்து, மேலே உறை விரிக்க இடமே இல்லாமல் போனபோதும், அவர் அளவை மாற்றி, நடுவில் பிரித்து, இரண்டு பக்கமும் தொங்குகிற மாதிரி பின்னினார். டிவி மட்டும் பார்க்கமாட்டார். “அதுல அழுறவிய எல்லாம் மேக்கப் போட்டுட்டு அழுதாவ, பாக்க எரிச்சலா வருது” என்பார்.

முதல் வரிசையில் இருந்த எட்டு வீடுகளும் ஒன்றின் சுவர் ஒன்றோடு ஒட்டியவை. பின்னால் எட்டுக்கும் பொதுவாக, துணி காயப்போடுகிற ஒரு முடுக்கு. பிலோமியின் அறை ஜன்னல் அந்த முடுக்கைப் பார்த்து இருந்தது.

அவர் இறந்தது 2017 டிசம்பர் பன்னிரண்டாம் தேதி. அன்று மாலை ஜெசிந்தா கிறிஸ்மஸுக்கு இருநூறு மக்ரூன் போடுவதற்காக முட்டை வெள்ளைக்கருவை அடித்துக்கொண்டிருந்தாள். மக்ரூனுக்கு வெள்ளைக்கரு அடிக்கிறவளை ஊரில் யாரும் எதற்கும் எழுப்பமாட்டார்கள். பாதியில் விட்டால் நுரை விழுந்துவிடும், விழுந்த நுரை திரும்ப எழும்பாது, இது தூத்துக்குடியில் பள்ளிக்கூடம் போகாத குழந்தைக்கும் தெரியும். முட்டை அடிக்கிற மின்சார பீட்டர் ஓடுகிற சத்தத்தில் மதினி பிலோமி கூப்பிட்டிருந்தாலும் தனக்குக் கேட்டிருக்காது என்று ஜெசிந்தா சொன்னாள். மூச்சுத் திணறலுக்கு அடிக்கிற இன்ஹேலர் கட்டிலுக்கு அடியில், குனிந்தால் எடுக்கக்கூடிய தூரத்தில் கிடந்தது. பிலோமியால் குனிய முடிந்திருக்கவில்லை. டாக்டர், யாராவது எடுத்துக் கொடுத்திருந்தால் என்று ஆரம்பித்து, ஜெசிந்தாவின் முகத்தைப் பார்த்து மீதியைச் சொல்லாமல் விட்டார். நுரை தண்ணீராகிப் போன பாத்திரத்தைப் பார்த்துவிட்டு, துக்கத்துக்கு வந்த பெண்கள் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தார்கள். பீட்டர் ஓடினால் யாருக்குத்தான் கேட்கும் என்றார்கள்.

பீட்டர் ஓடவில்லை. அது ஜெசிந்தாவுக்குத் தெரியும். நுரை கெட்டியாக நின்று, பீட்டரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, முந்திரித் தூளைக் கலக்கவேண்டிய நேரத்தில் அவள் மூன்றரை மணித் தொடருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். அந்தத் தொடரின் நாயகி பதினோரு மாதமாகத் தலையணைக்குள் வைத்திருந்த கடிதத்தை அன்று பிரிப்பதாக இருந்தது. பின் அறையிலிருந்து மதினி கூப்பிட்டது கேட்டது. காப்பிக்குத்தான் என்று நினைத்தாள். மறுபடி கேட்டது. அவள் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினாள். கடிதம் பாதி பிரிந்த நிலையில் அன்றைய பகுதி முடிந்துபோனது. அடுத்த வாரம் அது வெறும் கல்யாணப் பத்திரிகை என்று தெரியவந்ததாக யாரோ அவளிடம் சொன்னார்கள்.

துக்க வருடம் என்று அவள் ஓவனைத் தொடாமல் இருந்தாள். ஐந்தரை மாதம் கழித்து, வின்சென்ட் அண்ணாச்சி ஓய்வுபெறுகிற நாளைக்கு நீதான் போட்டுத் தரணும் என்று இருதயமேரி வற்புறுத்தியபோது போட்ட முதல் கேக்தான் கூப்பிட்டது.

அதற்குப் பிறகு அவள் கையால் ஓவனில் வைத்து எடுத்ததெல்லாம் கூப்பிட்டது. பிஸ்கட் கடித்தால் ரகசியம் போலக் கூப்பிட்டது. ரஸ்க்கை டீயில் முக்கினால் குரல் கொப்பளித்தது. ரம்மில் ஊறிய பழ கேக், வயதான பிறகு, இன்னும் கனிவாகக் கூப்பிட்டது. இட்லியும் தோசையும் பேசாமல் இருந்தன. மாவுக் கடையை மாற்றிப் பார்த்தாள். கிராம்பைக் கூட்டிப் பார்த்தாள். முட்டை இல்லாமல் போட்டுப் பார்த்தாள். கேக் கல்லாக வந்ததே தவிர, குரல் அப்படியே இருந்தது. ஒருநாள் யாரும் இல்லாத நேரத்தில் ஒரு மக்ரூனைக் கடிக்காமல் முழுசாக வாயில் போட்டு, உதட்டை இறுக்கி மூடி விழுங்கினாள். அது அவள் வயிற்றுக்குள்ளிருந்து ஒரு மணி நேரம் கூப்பிட்டது. குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

காலனி ஒரே வாரத்தில் பழகிக்கொண்டது. பிறந்தநாள் கேக் வெட்டினால் முதலில் டீச்சர் கூப்பிட்டு முடிக்கட்டும், பிறகு பாட்டு என்று ஒரு ஒழுங்கு வந்தது. டீச்சர் டிவியை மதிக்காதவர் என்பதால் கேக் வெட்டும் நேரத்தில் டிவியை அணைத்து, அவர் பின்னிய உறையைப் பீரோவிலிருந்து எடுத்து அதன்மேல் தொங்கவிட்டார்கள். கூப்பிடும்போதெல்லாம் கூட்டமாக, “இந்தா வாரா, டீச்சர்” என்று பதில் சொன்னார்கள். குழந்தைகள் அதைத் தேவாலயத்தில் பதில் சொல்கிற ராகத்தில் சொன்னார்கள். மூன்றாம் வரிசையில் இன்னொரு ஜெசிந்தா இருந்தாள், கல்லூரியில் படிக்கிற பெண். யார் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் எல்லாரும் தன்னைத் திரும்பிப் பார்க்கிறார்கள் என்று சலித்துப்போய், தன் ஞானஸ்நானப் பெயரின் இரண்டாவது பாதியை வைத்துக்கொண்டாள்.

பங்குச் சாமியாரிடம் கேட்டார்கள். அவர் ஒரு துண்டு வரவழைத்துச் சாப்பிட்டுப் பார்த்தார்.

“கோயிலுக்குள்ள வச்சு வெட்ட வேண்டாம். தவக்காலத்துல வேண்டாம். மத்தபடி கூப்பிடுறதுல என்ன தப்பு இருக்கு. கூப்பிட்டதுக்குப் போகாம இருந்தாத்தான் யோசிக்கணும்,” என்று சொல்லிவிட்டு, மீதியைப் பொட்டலமாகக் கட்டித் தரச் சொன்னார்.

ஜெசிந்தா பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். நூல் மூன்று முறை அவிழ்ந்துபோனது.

உள்ளூர் கேபிள் சேனலிலிருந்தும் வந்தார்கள். ஒரு கிலோ கேக்கைப் பன்னிரண்டு துண்டாக வெட்டவைத்துப் படம் பிடித்தார்கள். பிடித்தவர்கள் காதுக்குப் பன்னிரண்டு முறையும் நன்றாகக் கேட்டது. ஒளிபரப்பியபோது டிவியில் மட்டும் அந்தக் குரல் கேட்கவில்லை. பார்த்தவர்கள் கருவியில் கோளாறு என்றார்கள். சேனல்காரர்கள் மறு ஒளிபரப்பில் அந்த இடத்தில் வயலினைப் போட்டு நிரப்பினார்கள். ஜெசிந்தா அந்த நிகழ்ச்சியை நின்றபடி பார்த்தாள். எட்டாவது வீட்டு பெர்னதெத், “ஏளா, உன் மொகத்துல என்ன சோகம் பாரு, சீரியல்ல சேத்துருவானுவ” என்றாள்.

மகளிர் சபை அவளுக்குச் சால்வை போர்த்தியது. செத்த பிறகும் நாத்தனார் விட்டுப் பிரிய மனமில்லாமல் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள் என்றால் அந்த வீட்டில் அவளை எப்படி வைத்திருந்திருப்பார்கள் என்று தலைவி மைக்கில் கேட்டார். மாமியார்களோடு பேசாத நான்கு மருமகள்கள் அந்தப் பேச்சுக்குப் பிறகு பேச ஆரம்பித்தார்கள். ஜெசிந்தா மைக்கைப் பிடித்து, “எனக்கு ஒண்ணும் தெரியாது” என்று மட்டும் சொன்னாள். அடக்கம் என்று கைதட்டினார்கள்.

ஆனால் அவளை உள்ளுக்குள் தின்றுகொண்டிருந்தது சபையும் சால்வையும் இல்லை. மரியதாசன்தான். அக்கா இறந்த பிறகு ஐந்தரை மாதம் அவர் வேலைக்குப் போய் வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவர். கேக் கூப்பிட ஆரம்பித்த பிறகு, தினமும் ஆறரை மணிக்குக் கைகால் கழுவி, உப்புப் படிந்த சட்டையை மாற்றிக்கொண்டு, ஒரு துண்டு கேக்கோடு உட்காருவார். ஒரே நேரத்தில் சாப்பிடமாட்டார். விரலால் சின்னச் சின்னதாகக் கிள்ளுவார், ஒவ்வொரு கிள்ளுக்கும் ஒரு தடவை அக்கா கூப்பிடுவார், அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டு தலையை ஆட்டுவார். அவர் மறுபடி உடம்பு தேறினார். எடைமேடையில் சிரிக்கிறார் என்று கம்பெனியில் சொன்னார்கள். ஒருமுறை கை வலிக்கிறது என்று ஜெசிந்தா மூன்று வாரம் ஓவனைத் தொடாமல் இருந்து பார்த்தாள். நாலாவது வாரம், “ஒரு சின்ன பன்னாவது போடேன், ஜெசி. சும்மா ஒண்ணே ஒண்ணு” என்றார். அவள் போட்டாள்.

சொல்லிவிட வேண்டும் என்று அவள் தினமும் ஆறு மணிக்கு முடிவெடுத்தாள். சொன்னால் அவருக்கு அந்த ஆறரை மணி இல்லாமல் போய்விடும் என்று ஆறு இருபதுக்கு அந்த முடிவை மாற்றினாள். இப்படி ஒன்றரை வருடம் போனது.

2019 நவம்பர் கடைசியில் ஒருநாள், கேக்கின் கடைசி விள்ளலைக் கேட்டு முடித்துவிட்டு மரியதாசன் சொன்னார்: “நான் ரொம்ப நாளா யோசிச்சேன். அக்காவுக்கு அன்னைக்குக் கூப்பிட நேரம் கெடைக்கல. கூப்பிட்டிருந்தா நீ ஓடியிருப்ப. அத விட்டுட்டோமேன்னுதான் இப்பம் கூப்பிட்டுக்கிட்டே இருக்கா.”

ஜெசிந்தா தட்டை எடுக்கக் குனிந்தவள் எடுக்காமல் உட்கார்ந்தாள்.

“கூப்பிட்டாவ,” என்றாள்.

“எப்பம்?”

“அன்னைக்கு.”

“பீட்டர் ஓடுச்சுன்னு சொன்னியே.”

“ஓடல. நொர நின்னாச்சு. பீட்டரக் கழுவி கவுத்தியாச்சு.”

“பின்ன?”

“டிவி பாத்துட்டிருந்தேன். சத்தத்தக் கூட்டினேன்.”

அவர் தட்டில் ஒட்டியிருந்த ஒரு துணுக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எத்தன தடவ கூப்பிட்டா?”

“எட்டு.”

“எண்ணினியா?”

“எண்ணினேன். அடுத்த தடவ கூப்பிட்டாவன்னா எந்திரிச்சுப் போயிருவோம்னு ஒவ்வொரு தடவயும் நெனச்சேன். ஒம்பதாவது கூப்பிடல.”

மரியதாசன் எழுந்து தட்டைத் தானே கொண்டுபோய்க் கழுவி வைத்தார். கல்யாணமான இருபத்து நான்கு வருடத்தில் அவர் தட்டைக் கழுவியது அதுதான் முதல் தடவை. பிறகு பின் அறைக்குப் போய் அக்காவின் கட்டிலில் உட்கார்ந்தார். அவளைத் திட்டவில்லை. மறுநாள் ஆறரைக்கு வேலையிலிருந்து வந்து, கைகால் கழுவி, கேக் கேட்காமல் சோற்றுக்கு உட்கார்ந்தார். அதற்கடுத்த நாளும் அப்படியே. “உப்பு”, “போதும்”, “கதவச் சாத்து” என்ற மூன்றைத் தவிர அவர் வாயிலிருந்து எதுவும் வரவில்லை.

நான்காம் நாள் ஜெசிந்தா பின்வாசல் வழியாக முடுக்குக்குப் போனாள். இருதயமேரி அங்கே முக்காலி போட்டு உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா, இனிமே ‘இந்தா வாரா’ன்னு சொல்லாதீங்க.”

“ஏம்ளா?”

“நான் போகல. மதினி கூப்பிட்டது எனக்குக் கேட்டுச்சு. போகல.”

இருதயமேரி கையில் இருந்த இறாலை உரித்து முடித்து, நரம்பை எடுத்து, சட்டிக்குள் போட்டாள்.

“தெரியும்,” என்றாள்.

“எப்படித் தெரியும்?”

“கழுவிக் கவுத்தின பீட்டர அன்னைக்கே பாத்தேன். நானும் மக்ரூன் போடுறவதானளா.” இன்னொரு இறாலை எடுத்தாள். “அதுவும் இல்லாம, எனக்கும் கேட்டுச்சு. ஜன்னல் இந்தா, இங்கனதான இருக்கு. உன் பேரத்தான கூப்பிட்டாவ, நீ போவேன்னு இருந்துட்டேன். என் பேரக் கூப்பிட்டிருந்தா போயிருப்பேன்.”

இறால் ஓட்டை ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டு, யாரும் கேட்காமலே, “லெட்டரப் பிரிக்கிற நாளுல்லா அது” என்றாள்.

அந்த வாரம் முழுக்க, முதல் வரிசைப் பெண்கள் ஒவ்வொருவராக ஜெசிந்தாவின் பின்வாசலுக்கு வந்தார்கள். யாரும் வெறுங்கையோடு வரவில்லை. ஒருத்தி மீன் குழம்பு கொண்டுவந்தாள், ஒருத்தி இரவல் வாங்கிய சல்லடையைத் திருப்பிக் கொடுக்க வந்தாள், ஒருத்தி வெறும் கறிவேப்பிலை கொண்டுவந்தாள். கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன், கேட்டது என்றாள் ஒருத்தி. விளம்பரம் வந்ததும் எட்டிப் பார்க்கலாம் என்று இருந்தேன், விளம்பரம் வரும்போது குரல் நின்றிருந்தது என்றாள் இன்னொருத்தி. பெர்னதெத் வாசற்படியில் நின்றபடி, “நான் ஜன்னலச் சாத்தினேன். கொசுன்னு எங்க வீட்டுல சொன்னேன். டிசம்பர் மாசம் மூணரை மணிக்கு என்ன கொசு,” என்றாள். ஏழு வீட்டுக்கும் கேட்டிருந்தது. ஏழு வீட்டிலும் ஒரே தொடர் ஓடிக்கொண்டிருந்தது. ஏழு பேரும், கூப்பிட்டது தன் பெயரை இல்லை என்பதைச் சொன்னார்கள்.

ஜெசிந்தா குழம்பை வாங்கிக்கொண்டாள், சல்லடையை வாங்கிக்கொண்டாள். இவ்வளவு பேருக்குக் கேட்டிருக்கிறது என்பதால் தன் பாரம் எட்டில் ஒன்றாகக் குறையும் என்று ஒரு கணம் எதிர்பார்த்தாள். குறையவில்லை. அவர்களுக்கு ஆளுக்கொரு பாரம் கூடியது, அவ்வளவுதான்.

இதெல்லாம் மரியதாசனின் காதுக்குப் போனது. யார் சொன்னது என்று தெரியாது; சுவர்கள் மெல்லியவை. டிசம்பர் பத்தாம் தேதி காலை, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, பதின்மூன்று நாளுக்குப் பிறகு, அவர் முதல்முறையாக ஒரு முழு வாக்கியம் பேசினார்.

“வியாழக்கெழம அக்காவுக்கு வருசப் பூசை. ஒரு கேக் போடு. வரிசையில எல்லாரையும் வரச் சொல்லு.”

“எத்தன மணிக்கு?”

“மூணே முக்காலுக்கு.”

“நீங்க வேலைக்கு?”

“லீவு.”

2019 டிசம்பர் பன்னிரண்டாம் தேதி வியாழக்கிழமை மாலை மூன்றே முக்கால் மணிக்கு, உப்பளக் காலனி முதல் வரிசையின் எட்டு வீடுகளிலும் டிவிகள் உறை போட்டு மூடப்பட்டிருந்தன. மரியதாசன் கேக்கை எட்டுத் துண்டாக வெட்டினார். முதல் துண்டு இருதயமேரி என்றது. அவள் எழுந்து பின் அறைக்குப் போய், கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். இரண்டாவது துண்டு பெர்னதெத் என்றது. அவளும் போய்விட்டு வந்தாள். ஏழு துண்டுகள் ஏழு வீட்டுப் பெண்களின் பெயர்களைச் சொல்லின, ஏழு பேரும் போய்விட்டு வந்தார்கள், இந்தா வாரா என்று யாரும் யாருக்காகவும் பதில் சொல்லவில்லை. எட்டாவது துண்டு ஜெசிந்தா என்றது. அவள் எழுந்து உள்ளே போனாள். மரியதாசன் அந்தத் துண்டை எடுத்துச் சாப்பிட்டார்.